சண்முகவடிவு எண்ணிய ஓட்டுகள்

ஓட்டுப் போடுகிற நாளென்றால் சண்முகவடிவு விடிவதற்கு முன்பே குளித்துவிடுவாள். ஜனாதிபதித் தேர்தலோ பாராளுமன்றத் தேர்தலோ பிரதேச சபைத் தேர்தலோ, அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். ஏழு மணிக்குத் திறக்கிற தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாசலில் ஆறேகாலுக்கே போய் முதல் ஆளாக நிற்பாள். ஐடென்டிகார்டு பிளாஸ்டிக் உறைக்குள், உறை கைக்குட்டைக்குள், கைக்குட்டை இடுப்பில். காவலுக்கு வருகிற பொலிஸ்காரர்கூட அவளைப் பார்த்தால் தலையாட்டுவார்.

இதைப் பார்த்துவிட்டு அவள் அரசியல்வாதிகளை மதிக்கிறவள் என்று யாராவது நினைத்தால், அந்த ஆளுக்கு விவரம் போதாது என்றுதான் அர்த்தம். அவர்களை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வாகனத்தில் வந்து மலையில் இறங்கி, யாரோ ஒரு பெண்ணின் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, போட்டோவுக்காக மூன்று இலை கிள்ளிவிட்டுப் போகிற கூட்டம். அந்த மூன்று இலையும் முற்றின இலையாக இருக்கும். கொழுந்து எது, கரட்டு இலை எது என்று தெரியாதவன் தொழிலாளியின் தோழன் என்று போஸ்டர் அடிக்கிறான். மேடையில் ஏறி "இருநூறு வருஷ வேதனை" என்று எவனாவது ஆரம்பித்தால் போதும், அவள் எழுந்து போய்விடுவாள். வேதனையைப் பற்றி அழுகிறவன் இறங்கினதும் நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்றுதான் விசாரிப்பான்.

"இவ்வளவு கேவலமாப் பேசுறீங்க, அப்புறம் எதுக்கு அக்கா முதல் ஆளாப் போய் நிக்கிறீங்க?" என்று ஜெயந்தினி ஒரு தடவை கேட்டாள். ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவள். அம்மாமார் மலைக்குப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது.

"அவனுங்களுக்காகவா போறேன்?" என்றாள் சண்முகவடிவு. "என்னைக் கேக்கணும். அதுக்குத்தான் போறேன். கேட்டுட்டு என்ன கிழிக்கிறானுங்கங்கிறது வேற கதை."

அவளுடைய அப்பாவை ஐம்பது வயது தாண்டும்வரை யாருமே எதுவும் கேட்டதில்லை. இந்த மண்ணில்தான் பிறந்தார், இந்த மலையில்தான் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினார். ஆனால் அவர் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று எங்கேயோ ஒரு காகிதத்தில் எழுதியிருந்தது. அது மாறி, முதல் தடவையாக அவர் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். மை வைத்த விரலை மட்டும் ரெண்டு நாள் சாப்பாட்டில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார். அப்போது சண்முகவடிவுக்குப் பதினாறு வயது. இப்போது ஐம்பத்திரண்டு. இந்தக் கதையை அவள் யாரிடமும் உருக்கமாகச் சொல்வதில்லை, சொன்னால் அதையும் எவனாவது மேடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம்.

அரசியல் என்று அவள் தனியாக எதையும் படித்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கற்றுக்கொண்டது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்து மூன்றாவது வருஷம் ஒரு கணக்கப்பிள்ளை தராசின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிறுத்தான். பதினெட்டுக் கிலோ என்று எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி வாயால் சொன்னான். சண்முகவடிவு தன் சாக்கைத் தராசிலிருந்து கழற்ற விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "முள்ளைக் காட்டுங்க, கழட்டுறேன்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் நேரமாகிறது என்று அவளைத்தான் திட்டினார்கள், அவனை இல்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு வந்து தராசைத் திருப்பி வைத்தார். திட்டின பெண்களும் அன்றிலிருந்து முள்ளைப் பார்த்துத்தான் சாக்கைக் கழற்றினார்கள். ஒரு நன்றி கிடையாது. நன்றியை எதிர்பார்த்து இந்தத் தோட்டத்தில் எதையாவது செய்கிறவளுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

இனி அழகன் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் ரெண்டு லயம், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பள்ளத்து லயம். சண்முகவடிவும் அவள் புருஷன் இராமையாவும் பள்ளத்து லயத்து நாலாம் காம்பரா. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு திட்டத்தில் மலையுச்சி ஊற்றிலிருந்து குழாய் போட்டு, ஒரு தொட்டியும் கட்டிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு குடிநீர்ச் சங்கம். அதற்கு ஒரு தலைவர். அன்றைக்குக் கூட்டத்தில் எவன் சத்தமாகப் பேசினானோ அவன் தலைவரானான். அப்படித்தான் மேட்டு லயத்து அழகனின் கைக்கு வால்வுச் சாவி வந்தது. அதற்குப் பிறகு அது வேறு யார் கைக்கும் போகவில்லை.

விடிய நாலரைக்கு மேட்டு லயத்துக்குத் தண்ணீர் திறப்பான். பள்ளத்து லயத்துக்கு எட்டு மணிக்கு. எட்டு மணிக்குப் பள்ளத்து லயத்தில் யார் இருப்பார்கள்? ஏழு மணிக்கே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் மலை ஏறியிருப்பார்கள். வாளி தொடாத கிழவர்கள் மட்டும் குந்தியிருக்கிற லயத்தில் குழாய் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே பள்ளத்து லயத்துப் பெண்கள் ஒன்பது வருஷமாக இருட்டில் எழுந்து, அட்டைக் கடியோடு கால் மைல் இறங்கி, ஊற்று விழுகிற பழைய பீலியில் வாளி பிடித்துச் சுமந்துகொண்டு ஏறினார்கள். கேட்டால் அழகன் சொல்வான்: "மேல நிரம்பினாத்தான் கீழ வரும்." தண்ணீரைப் பற்றிய இந்தப் பெரிய உண்மையைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், பார்க்கச் சகிக்காது.

பள்ளத்து லயத்தார் மட்டும் என்ன யோக்கியம்? ஒன்பது வருஷமும் பீலிக்கரையில் அவனைத் திட்டினார்கள். அவன் வந்தால் "வாங்க தலைவரே" என்று முந்தானையால் பெஞ்சைத் துடைத்தார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முற்றத்தில் கூட்டம் கூட்டி, செக்ரோல் பட்டியலில் இருக்கிற பேரை வாசித்து, "நானே இருக்கட்டுமா?" என்று அவன் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கிறவள் கையைத் தூக்கினாளா என்று பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார்கள். எல்லோரும் பார்க்கிற இடத்தில் கைதூக்கச் சொன்னால், தண்ணீர்ச் சாவி வைத்திருக்கிறவனுக்கு எதிராக எவள் தூக்குவாள்?

சங்கத்துக்கென்று ஒரு விதிப்புத்தகம் இருக்க வேண்டும் என்று சண்முகவடிவுக்குத் தோன்றியது இந்த வருஷம் மழைக்கு முன்னால்தான். ஒன்பது வருஷம் தோன்றாமல் போனதற்கு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அழகனிடம் கேட்டாள். அல்மாரியில் இருக்கிறது, தேட வேண்டும் என்றான். ஒரு மாதம் தேடினான். அவள் டவுனில் தண்ணீர்த் திட்டத்துக்காரர்களின் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் "ஹெட்ட என்ன" என்றார். சிங்களத்தில் நாளைக்கு வா என்று அர்த்தம். அவள் நாளைக்கும் போனாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள். மூன்றாம் தடவை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். பதினைந்து நிமிஷத்தில் விதிப்புத்தகத்தின் கொப்பி கிடைத்தது. மூன்று நாள் அலைச்சலுக்கு ரெண்டே ரெண்டு பக்கம்.

அதைத் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மைக்கல் சேரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். அவர் ஹட்டன் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர், ரெண்டு லயத்துக்கும் சொந்தமில்லாதவர். அவர் மெதுவாக வாசித்தார். திட்டத்தின் தண்ணீரைப் பயன்படுத்துகிற, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் உறுப்பினர்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரகசிய வாக்கெடுப்பு. மாதத்துக்கு ஒரு கூட்டம்.

"எல்லாருமா?" என்றாள் சண்முகவடிவு.

"எல்லாரும்னுதான் போட்டிருக்கு."

"செக்ரோல்ல இல்லாதவங்களும்?"

"செக்ரோலைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லையே அம்மா."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தவர்களின் பட்டியல். யாருக்குச் சம்பளம் என்று துரைக்குத் தெரிவதற்காக வைத்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதில் பேர் இருந்தால்தான் ஆள், இல்லாவிட்டால் வெறும் வாய் என்று இங்கே எல்லோரும் பழகிவிட்டார்கள். அழகன் மட்டுமில்லை, அவளும்தான். ஹட்டன் கடைகளுக்கு வேலைக்குப் போகிற பெடியன்கள், வயதாகிப் பேர் வெட்டப்பட்டவர்கள், கலியாணம் முடித்து வந்து வீட்டோடு இருக்கிற பெண்கள், எல்லோரும் அதே குழாயில்தான் குடித்தார்கள். ஒருத்தரையும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருந்தார். இராமையா இருபத்தெட்டு வருஷம் ஸ்டோரில் தேயிலை மூட்டை கட்டிவிட்டு, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பேர் வெட்டிக்கொண்டு, இப்போது வாசலில் குந்தி வெயில் காய்கிற மனிதர்.

தேர்தல் வைக்க வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஓட்டு என்று அவள் சொன்னதும் அழகன் குதித்தான். "தோட்டத்துல வேலை செய்யாதவனுக்குத் தோட்டத்துல என்னா பேச்சு? செக்ரோல்தான் லிஸ்ட்டு. நாங்க செத்தாலும் அதுதான்!"

அவன் செத்தாலும் என்று சொன்னது நல்ல வேடிக்கை. ஏனென்றால் ஜெயந்தினியின் தம்பி நிரோஷன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தான். அழகனுக்கு எதிராக நிற்கப் போவது ஜெயந்தினி என்று பள்ளத்து லயம் முடிவு செய்திருந்தது. நிரோஷன் அன்று மாலை சண்முகவடிவின் காம்பராவுக்கு வந்தான்.

"அக்கா, கொஞ்சம் யோசிங்க. செக்ரோல்ல நம்ம லயத்து ஆளுங்கதான் கூட. மேட்டு லயத்துல பாதிப் பேரு பேர் வெட்டிட்டாங்க, இல்லாட்டிக் கடைக்குப் போறாங்க. செக்ரோல் லிஸ்ட்டுலயே இரகசிய ஓட்டு வச்சா ஜெயந்தினி கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்கும். எல்லாருக்கும் ஓட்டுன்னா இழுபறிதான். அந்த மடையன் அவனுக்கே குழி தோண்டுறான். தோண்ட விடுங்க."

சண்முகவடிவு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவன் கணக்குச் சரி என்று அவளுக்கு உடனே தெரிந்தது. சரியாக இருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

"நமக்கு வசதியான ஆளை மட்டும் கேக்குறதுன்னா, அதைத்தானே ஒன்பது வருஷமா அவன் செய்றான்?" என்றாள்.

"நாம தண்ணிக்காகத்தானே செய்றோம்."

"அவனும் தண்ணிக்காகத்தான் செய்றான். அவன் லயத்துத் தண்ணிக்காக. குடிக்கிற ஆளுக்கெல்லாம் ஓட்டு. புத்தகத்துல இருக்கு. இல்லாட்டியும் அதுதான் ஞாயம். நீ போய் உங்க அக்காவுக்கு நாலு வீடு ஏறி ஓட்டுக் கேளு, இங்க வந்து கணக்குப் போடாத."

நிரோஷன் முணுமுணுத்துக்கொண்டே போனான். வாசலில் உட்கார்ந்திருந்த இராமையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அப்ப எனக்கும் ஓட்டு இருக்கா வடிவு?" என்று கேட்டார்.

"இருக்குங்க. உங்களுக்கும்தான்."

"ம்" என்றார். அவருக்குச் சந்தோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அழகன் விடவில்லை. செக்ரோல்தான் வேண்டும் என்று சங்கத்து ஆட்களிடம் சொன்னான், கண்டாக்கிடம் சொன்னான், கோயில் பூசாரியிடம்கூடச் சொன்னான். தன்னைக் காப்பாற்றப் போகிற பட்டியலைத் தடுக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டதை அந்த மலை அதற்கு முன் பார்த்திருக்காது. கடைசியில் மைக்கல் சேர் விதிப்புத்தகத்தைக் கோயில் ஒலிபெருக்கியில் முழுக்க வாசித்தார். அதற்குப் பிறகு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரின் பட்டியல் பிள்ளைமடுவத்துக் கதவில் ஒட்டப்பட்டது. தங்கள் பேரை அச்சில் பார்க்க ஜனங்கள் ரெண்டு நாள் வரிசையில் வந்தார்கள். அந்தப் பட்டியலுக்காக அலைந்தவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பௌர்ணமிப் போயா தினத்தன்று, தோட்டத்துக்கு விடுமுறை, பிள்ளைமடுவத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. மூலையில் தொட்டில் சேலைகளைத் திரையாகக் கட்டினார்கள். பெரிய பிஸ்கட் டின்னொன்றின் மூடியில் வெட்டு. மைக்கல் சேர் கையாலேயே சீட்டு எழுதியிருந்தார். ஜெயந்தினி பேருக்குப் பக்கத்தில் ஒரு குடை, அழகன் பேருக்குப் பக்கத்தில் ஒரு மணி, ரெண்டுக்கும் எதிரில் ஒவ்வொரு கட்டம். வேண்டிய ஆளின் கட்டத்தில் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை அவர் நூறு தடவை விளக்கினார்.

திரைக்குப் பின்னால் போனவர்கள் வெளியே வரும்போது முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வந்தார்கள். கடைக்காரப் பெடியன் ஒருவன் செல்பி எடுக்கப் போய்ச் சேரிடம் வசவு வாங்கினான். முந்தின நாள்வரை செக்ரோல்தான் வேண்டும் என்று அழகனோடு சேர்ந்து கூச்சல் போட்ட பேர் வெட்டின கிழவர்கள் ஏழு பேர், வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் வந்து நின்றார்கள். தங்களுக்கு எதிராகவே கூச்சல் போட்டோம் என்று அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. இராமையாவும் போட்டுவிட்டு வந்தார். "உன் ஆளுக்குத்தான்" என்று அவளைத் தாண்டிப் போகும்போது வாய்க்குள் சொன்னார். "அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்று அவள் அதட்டினாலும் மனசுக்குள் எண்ணிக்கையில் ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

மாலை மூன்று மணிக்கு எண்ணத் தொடங்கினார்கள். மைக்கல் சேர் எண்ணுவார். ஜெயந்தினி பக்கம் பார்த்துக்கொள்ளச் சண்முகவடிவு, அழகன் பக்கம் அவனுடைய மைத்துனன். ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னதும், ஒவ்வொரு சீட்டையும் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டச் சொன்னதும் அவள்தான். ஜன்னலுக்கு வெளியே தலைகள் நெருக்கிக்கொண்டு நின்றன.

பாதி எண்ணும்போது ஒரு சீட்டில் புள்ளடி இல்லை. ஜெயந்தினியின் கட்டத்துக்குள் சிவப்பாக ஒரு பொட்டு மட்டும் இருந்தது. யாரோ ஒருத்தி பென்சிலைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு வைத்திருக்கிறாள்.

"இது செல்லாது!" என்றான் மைத்துனன். "புள்ளடின்னுதானே சொன்னீங்க?"

"ஏன் செல்லாது?" சண்முகவடிவு எழுந்து நின்றுவிட்டாள். "கட்டம் தெரியுது. யாருக்குன்னு தெரியுது. வேற என்னா தெரியணும் உனக்கு? பென்சில் பிடிக்கத் தெரியாதவ தண்ணி குடிக்க மாட்டாளா?"

வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். மைக்கல் சேர் யோசித்தார். அடையாளம் எதுவாக இருந்தாலும் ஒரே கட்டத்துக்குள் தெளிவாக இருந்தால் செல்லும் என்றார். மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான். பொட்டு ஜெயந்தினி பக்கம் போனது.

டின் காலியானபோது ஜெயந்தினிக்கு எழுபது, அழகனுக்கு எழுபது. சேர் கையில் இன்னும் ஒரு சீட்டு இருந்தது. கொஞ்சம் முன்னால் சந்தேகம் என்று தனியாக எடுத்து வைத்தது. அதைப் பிரித்து மேசையில் வைத்தார்.

அழகனின் கட்டத்தில் புள்ளடி இல்லை. ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு, கோட்டின் நுனியில் சின்னக் கொக்கி.

மைத்துனன் மலையில் வேலை செய்கிறவன், அவனுக்கு அது ஒரு கிறுக்கல். சேருக்கும் அப்படித்தான். சண்முகவடிவுக்கு அப்படி இல்லை. ஸ்டோரில் நிறுத்துக் கட்டின மூட்டைகளின் மேல் சோக்கினால் அந்த அடையாளத்தை இருபத்தெட்டு வருஷம் போட்ட கை எது என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக் கலண்டரில் மருந்து வாங்கப் போகிற தேதியிலும் அந்தக் கை அதைத்தான் போடும். வேறு அடையாளம் போட அந்தக் கைக்கு வராது.

அவளுக்கு முகம் சுட்டது. அழுகை இல்லை, கோபம். எதற்காக? அழகனோடு உட்கார்ந்து கார்ட்ஸ் ஆடுவதற்காகவா? கூரைத் தகரம் தருவதாகச் சொன்னானா? இல்லை, ஜெயந்தினி ஜெயித்தால் பெண்டாட்டி இன்னும் தலைகால் தெரியாமல் ஆடுவாள் என்ற எரிச்சலா? பீலியிலிருந்து ஒன்பது வருஷம் அவள் சுமந்த தண்ணீரில்தான் அந்த மனிதர் குளித்தார், குடித்தார், தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். ஒரு வாளியைத் தொட்டதில்லை. செக்ரோலே போதும் என்று விட்டிருந்தால் இந்த மனிதருக்கு ஓட்டே கிடையாது. ஓட்டை வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க" என்றார் சேர். "ஒத்துக்கிட்டா எண்ணுவோம். இல்லாட்டி சமம். அடுத்த மாசம் மறுபடியும் வைக்க வேண்டியதுதான்."

"செல்லும்!" என்றான் மைத்துனன்.

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். புள்ளடி என்றுதான் நூறு தடவை சொன்னார்கள், இது புள்ளடி இல்லை. பொட்டு வேறு, இது வேறு என்று வாதாட அவளுக்கு வாய் இல்லாமலா போய்விட்டது? ஜன்னலில் நின்ற நிரோஷன் தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டிருந்தான். அந்த அரை நிமிஷத்தில் சண்முகவடிவு நினைத்ததெல்லாம் உத்தமமான நினைப்பு என்று சொல்ல முடியாது. செல்லாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அந்த வட்டத்தையும் கோட்டையும் அவர் மூஞ்சியில் கீறலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் கட்டம் தெரிந்தது. யாருக்கு என்றும் தெரிந்தது. போட்டவன் யாராக இருந்தாலும், எவ்வளவு நன்றி கெட்டவனாக இருந்தாலும், அவனைக் கேட்டாகிவிட்டது, அவன் பதில் சொல்லிவிட்டான்.

"செல்லும் சேர்" என்றாள். "அழகன் பக்கம் வைங்க."

வெளியே மேட்டு லயத்து ஆட்கள் பட்டாசு போட்டார்கள். பட்டாசை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள், அதிலும் அவசரம். நிரோஷன் அவளை வழியில் மறித்துக்கொண்டான்.

"என்னா அக்கா செஞ்சீங்க? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை! சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. லிஸ்ட்டே பிழைன்னு எழுதுவோம். செக்ரோல்படிதான் வச்சிருக்கணும்னு அவனே எத்தனை தடவை சொன்னான், அவன் வாயாலயே அவனைப் பிடிப்போம்!"

"லிஸ்ட்டு சரி."

"தோத்துட்டோமே!"

"தோத்தா லிஸ்ட்டு பிழையாயிருமா? ஜெயிச்சிருந்தா சரின்னிருப்ப. போடா அங்கிட்டு, அழகனோட தம்பி மாதிரி பேசாத."

ஜெயந்தினி தூரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் ஆறுதல் சொல்லச் சண்முகவடிவுக்குத் தெரியவில்லை. "அடுத்த தடவைக்கு ரெண்டு வருஷம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அது ஆறுதலாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

கழுத்தில் மாலையோடு அழகன் வந்தான். இத்தனை வருஷம் கைதூக்கி வாங்கின வெற்றியைவிட இந்த ஒரு ஓட்டு வெற்றி அவனுக்கு இனித்தது. "பாத்தியா வடிவு? ஜனங்க என் பக்கம்!"

"எழுபது பேரு உங்களுக்கு எதிர்ல நிக்கிறோம் தலைவரே" என்றாள். தலைவரே என்ற சொல்லை முழுசாகச் சொன்னாள், அவளுக்கு அது கசந்தாலும். "உங்களைப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது. ஆனா இன்னைக்கு நீங்கதான் தலைவர், ஞாயமா ஜெயிச்சீங்க. அதை எவன் இல்லேன்னாலும் நான் வந்து சாட்சி சொல்லுவேன். மாசம் ஒரு கூட்டம்னு புத்தகத்துல இருக்கு. முதல் கூட்டம் வார ஞாயித்துக்கிழமை. பள்ளத்து லயத்துக்கு விடிய தண்ணி. அதைத்தான் முதல்ல பேசுவோம். தராசு முள்ளை எங்க பக்கம் திருப்பி வச்சுட்டுப் பேசுங்க."

அழகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் விளங்கிக்கொள்வான் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. அவன் மாலையைச் சரிசெய்துகொண்டு, கோயில் பக்கம் போனான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. இராமையா வாசலில் குந்தியிருந்தார். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டி, தேத்தண்ணி ஊற்றி, அவருக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஓட்டுலயாமே" என்றார்.

"ஆமாங்க."

"எவன் போட்டானோ, பாவி."

வாய் கூசாமல் சொன்னார். அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

"அதை யாரும் கேக்கக் கூடாது" என்றாள். "கேட்டா எவனுக்கும் ஓட்டுப் போட மனசு வராது."

அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். சூடு தாங்காமல் கீழே வைத்தார். அவள் அடுப்படிக்குப் போய் ரெண்டு வாளிகளையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"நாளையிலருந்து விடிய பீலிக்கு நீங்க போங்க. எனக்குப் பெரட்டு இருக்கு."

"நானா? எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷத்துக்கு. அதுக்குள்ள கூட்டத்துல பேசித் தண்ணி வந்தாச் சரி. வரலேன்னா, அப்புறம் எலெக்ஷன் வரும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை.